ஒரே சுவர், இரண்டு கொடிகள்: முலாம்பழக் கொடியும் ஐவியும்

செடி விற்கும் இடங்களில் "ஏறுகொடிகள்" என்ற ஒரே தலைப்பின் கீழ் முலாம்பழ விதைப் பாக்கெட்டும் ஐவி நாற்றும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். வெறுமையாகக் கிடந்த ஒரு சுவரைப் பச்சையாக்க வேண்டும் என்ற எண்ணத்தில் நான் இரண்டையும் ஒரே நாளில் வாங்கினேன். ஒன்று, வலை படர்ந்த தோலை உடைய முலாம்பழத்தின் வீரிய ஒட்டு விதைகள் பத்து அடங்கிய பாக்கெட். மற்றொன்று, கையடக்கத் தொட்டியில் நான்கைந்து தண்டுகளோடு வந்த ஐவி நாற்று. மூன்று ஆண்டுகள் இரண்டையும் அருகருகே வளர்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். விற்றவர் மீது எனக்குக் குறை ஏதும் இல்லை. விதைகள் முளைத்தன, நாற்றும் நோயின்றி வந்து சேர்ந்தது. நான் எடைபோடுவது அந்த இரண்டு செடிகளையும், அவற்றோடு வந்த அட்டைகள் சொன்னவற்றையும், அதைவிட முக்கியமாகச் சொல்லாமல் விட்டவற்றையும்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டில் எதை வாங்குவது என்று யோசிப்பவர், பழம் வேண்டுமா அழகு வேண்டுமா என்ற கேள்வியிலிருந்து தொடங்கக் கூடாது. எந்தக் கொடி எதைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பற்றும் முறைதான் பந்தல் செலவையும், சுவரின் கதியையும், பின்னால் அந்தக் கொடியை அகற்றுவதற்கு ஆகும் உழைப்பையும் தீர்மானிக்கிறது. இந்த ஒரு விவரத்தைப் பற்றி இரண்டு அட்டைகளிலும் ஒரு சொல்கூட இல்லை.

முலாம்பழக் கொடி, வெள்ளரி, பூசணி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரே பருவத்தில் முளைத்து, காய்த்து, மடிந்துவிடும். இலைக் கணுக்களில் கிளைக்காத ஒற்றைப் பற்றுக்கம்பி ஒன்று நீண்டு, காற்றில் மெல்ல வட்டமிட்டுத் தேடி, மெல்லிய பொருள் ஏதேனும் தட்டுப்பட்டதும் அதைச் சுற்றிக்கொள்கிறது. சுற்றிக்கொண்ட பிறகு நடுப்பகுதி சுருள்வில்லாகச் சுருண்டு கொடியைப் பந்தலை நோக்கி இழுக்கிறது. அந்தச் சுருளைக் கூர்ந்து பார்த்தால், பாதி ஒரு திசையிலும் மீதி எதிர்த்திசையிலும் சுற்றியிருப்பதையும், இடையில் சிறு நேர்ப்பகுதி ஒன்று இருப்பதையும் காணலாம். இரு முனைகளும் கட்டுண்ட ஒரு கம்பி முறுக்கிக்கொள்ளாமல் சுருள வேண்டுமானால் வேறு வழியே இல்லை என்பதை, ஏறுகொடிகளைப் பற்றி 1865-இல் வெளியிட்ட ஆய்வில் சார்லஸ் டார்வின் விளக்கியிருக்கிறார். இந்த அமைப்பால் காற்றடிக்கும்போது கொடி அறுந்துபோகாமல், வில் நீண்டு சுருங்குவதைப் போல அசைந்து கொடுக்கிறது.

இதன் நடைமுறைப் பொருள் எளியது. முலாம்பழக் கொடியால் வெறுஞ்சுவரில் ஒரு சாண்கூட ஏற முடியாது. பருத்த மூங்கில் கழியையும் அதன் பற்றுக்கம்பியால் சுற்றி வளைக்க முடிவதில்லை. முதல் ஆண்டில் நான் செய்த தவறு இதுவே. மூன்று கழிகளை அழகாக ஊன்றிவிட்டுக் காத்திருந்தேன்; கொடிகள் கழிகளைத் தடவிப் பார்த்துவிட்டுத் தரையில் படர்ந்தன. பின்னர்க் கழிகளுக்கு இடையே சணல் கயிறும் நைலான் வலையும் கட்டியதும் ஒரு வாரத்தில் நிலைமை மாறியது. ஆகவே விதையின் விலையோடு வலை, சட்டம், கயிறு ஆகியவற்றின் விலையையும் சேர்த்துத்தான் இந்தப் பொருளை மதிப்பிட வேண்டும். ஆனால் அதற்கு ஈடாக ஒரு நன்மை கிடைக்கிறது: கொடி பற்றியிருப்பது நீங்கள் கட்டிய வலையைத்தானே தவிர, சுவரை அல்ல.

ஐவி பற்றும் விதம் முற்றிலும் வேறு. அதன் தண்டிலிருந்து, வெளிச்சம் படாத பக்கத்தில், தூரிகை மயிர்களைப் போன்ற பற்றுவேர்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்புகின்றன. மிளகுக் கொடி மரத்தில் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது. அந்த வேர்கள் சுவரின் நுண்ணிய மேடுபள்ளங்களில் நுழைவதோடு, பசை போன்ற திரவம் ஒன்றையும் கசிய விடுகின்றன. அந்தப் பசையில் சர்க்கரையும் புரதமும் இணைந்த மீநுண் உருண்டைகள் இருப்பதையும், ஒட்டும் வலிமைக்கு அவை முக்கியக் காரணமாக இருப்பதையும் 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பசை காய்ந்த பிறகு அந்த இடத்தில் நிகழ்வது ஏறுதல் அல்ல, ஒட்டுதல். செங்கல், காரைப்பூச்சு, மரப்பட்டை, மரப்பலகை என்று எதையும் அது விட்டுவைப்பதில்லை. வலையும் வேண்டாம், கயிறும் வேண்டாம் என்பதால் வாங்கும் நேரத்தில் இது மலிவான செடியாகத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. ஐவியின் தாவரவியல் பெயர் ஹெடெரா ஹீலிக்ஸ். இரண்டாம் சொல்லுக்குச் சுருள் என்று பொருள். ஆனால் ஐவி எதையும் சுற்றிச் சுருள்வதில்லை. சுருள்வது முலாம்பழக் கொடிதான். பெயரில் சுருளைத் தாங்கி நிற்பதோ மற்றொன்று.

இரண்டாம் ஆண்டின் இறுதியில், வண்ணம் பூசுவதற்காகச் சுவரின் ஒரு பகுதியிலிருந்து ஐவியை அகற்ற முயன்றபோதுதான் அந்த ஒட்டுதலின் உண்மையான விலை எனக்குத் தெரிந்தது. தண்டைப் பிடித்து இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வருகிறது. பற்றுவேர்கள் பழுப்பு நிறக் கோடுகளாகச் சுவரிலேயே தங்கிவிடுகின்றன. பழைய வண்ணப்பூச்சு இருந்த இடங்களில் அதுவும் செதில் செதிலாகப் பெயர்ந்து வந்தது. கம்பித் தூரிகையால் தேய்த்தும் முழுவதும் போகவில்லை. அடித்தண்டை வெட்டிவிட்டு, மேலே உள்ளவை காயும்வரை சில வாரங்கள் விட்டுவைத்து அகற்றுவதே நல்லது என்பதை அதன் பிறகே கற்றுக்கொண்டேன். பச்சையாக இருக்கும்போது பிய்த்து இழுப்பதே பூச்சை அதிகம் பெயர்க்கிறது.

ஐவி எல்லாச் சுவரையும் கெடுக்கும் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை, நேர்மையாகப் பார்த்தால் ஏற்க முடியாது. இங்கிலாந்தில் பழைய கட்டடங்களின் மீது ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் நடத்திய ஆய்வில், ஐவி மூடிய சுவர்கள் வெயிலிலும் குளிரிலும் திறந்த சுவர்களைவிடக் குறைந்த வெப்ப ஏற்ற இறக்கத்தையே சந்திக்கின்றன என்றும், இலைப்போர்வை மாசுத் துகள்களைத் தடுக்கிறது என்றும் தெரிய வந்தது. பழுதில்லாத சுவருக்கு அது ஒரு போர்வை. விரிசலோ உதிரும் சுண்ணாம்புச் சாந்தோ இருக்கும் சுவரில்தான் தண்டும் வேரும் உள்ளே நுழைந்து, பருத்து, பிளவை அகலமாக்குகின்றன. ஓடுகளின் இடுக்கிலும் மழைநீர்க் குழாயிலும் நுழையும்போதும் இதே கதைதான். ஆகவே, "எச்சுவருக்கும் ஏற்றது" என்று என் நாற்றின் அட்டையில் அச்சிட்டிருந்த வாசகத்தை, "பழுதற்ற சுவருக்கு மட்டும்" என்று திருத்தி வாசிக்க வேண்டும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் போட்டியே இல்லை. முலாம்பழத்துக்கு நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேர நேரடி வெயில் வேண்டும். அதற்குக் குறைந்தால் கொடி வளரும், இனிப்பு வராது. ஐவி நிழலைத் தாங்கும். வெயில் படாத சுவர்ப்பக்கத்துக்கு அதைவிடப் பொருத்தமான கொடிகள் குறைவு. வெள்ளையோ மஞ்சளோ கலந்த இலைகளை உடைய ஐவி ரகங்களுக்குச் சற்றுக் கூடுதல் வெளிச்சம் தேவை. இருட்டில் வைத்தால் புதிய இலைகள் வெறும் பச்சையாகவே வந்துவிடும். சூடான, வறண்ட காற்றில் ஐவியின் இலைகளுக்கு அடியில் சிலந்திப்பேன் பெருகும். வாரம் ஒருமுறை இலைகளின் அடிப்பக்கத்தை நீரால் கழுவியதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

முலாம்பழத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அந்தப் பாக்கெட்டின் படத்தில் இருந்த பழத்துக்கும், என் முதல் ஆண்டு அறுவடைக்கும் இடையே இருந்த தூரம் பெரிது. பத்து விதைகளில் ஆறை ஊன்றினேன், ஐந்து முளைத்தன. மண்ணின் வெப்பம் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் ஒரு வாரத்துக்குள் முளை தெரியும். 18 டிகிரிக்குக் கீழே விதை முளைக்காமல் அழுகவே வாய்ப்பு அதிகம். வேர்கள் அசைக்கப்படுவதை இந்தச் செடி பொறுத்துக்கொள்ளாது என்பதால், நேரடியாக ஊன்றுவது நல்லது. இல்லையெனில் மண்ணில் மக்கிப்போகும் சிறு கிண்ணங்களில் முளைக்க வைத்துக் கிண்ணத்தோடு நட வேண்டும். பிடுங்கி நட்ட என் நாற்று ஒன்று இரண்டு வாரம் அசையாமல் நின்றது. அதற்குள் மற்றவை முழங்கால் உயரத்தைத் தாண்டிவிட்டன.

பூக்கும் காலம் புதியவர்களை அச்சுறுத்தும். முதலில் வருபவை யாவும் முதன்மைத் தண்டில் கொத்தாகப் பூக்கும் ஆண் பூக்கள். அவை ஒவ்வொன்றாக உதிர்வதைக் கண்டு செடிக்கு நோய் என்று நினைத்தேன். காய் பிடிக்கும் பூக்கள் பக்கக்கிளைகளின் முதல் ஓரிரு கணுக்களில் தனித்தனியாகத் தோன்றுகின்றன. இதழ்களுக்குக் கீழே மயிரடர்ந்த சிறு பிஞ்சு ஒன்று பருத்திருப்பதைக் கொண்டு அவற்றை அடையாளம் காணலாம். வலைத்தோல் ரகங்கள் பெரும்பாலானவற்றில் இவை இருபால் பூக்கள்தாம் என்றாலும், மகரந்தம் பிசுபிசுப்பானது என்பதால் காற்றால் பரவாது; தேனீ வர வேண்டும், அல்லது நாம் மெல்லிய தூரிகையோடு போக வேண்டும். பூவின் ஆயுளோ ஒரே நாள். அதிலும் காலை நேரமே பயன்படும். பக்கக்கிளைகள் இல்லாவிட்டால் காய் இல்லை என்ற இந்த ஒரு செய்தியைப் பாக்கெட்டில் அச்சிட்டிருந்தால், கொடி அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பக்கக்கிளைகளை எல்லாம் நான் கிள்ளி எறிந்திருக்க மாட்டேன்.

"85 நாளில் அறுவடை" என்று பாக்கெட் சொன்னது. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று சொல்லவில்லை. விதைத்த நாளிலிருந்து எண்ணுவதைவிட, காய் பிடித்த நாளைக் குறித்து வைத்து அங்கிருந்து எண்ணுவது பயனுள்ளது. காய் பிடித்ததிலிருந்து பழுக்க 35 முதல் 45 நாள் வரை ஆகிறது. முதலில் காய் வழவழப்பாகவே இருக்கும். தோலின் வளர்ச்சி நின்ற பிறகும் உள்ளே சதை பெருகுவதால் தோலில் நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன, அவற்றைச் செடி தக்கை போன்ற திசுவால் நிரப்பிக்கொள்கிறது. பழத்தின் மேல் நாம் பார்க்கும் வலை அந்தத் தழும்புகளே. அது நாளுக்கு நாள் தடித்து வருவதைப் பார்ப்பது, உண்பதற்குச் சமமான இன்பமாக எனக்கு இருந்தது.

பந்தலில் ஏற்றிய கொடிக்குப் பழத்தின் எடை ஒரு சிக்கல். ஒன்று முதல் இரண்டு கிலோ வரை எடையுள்ள பழத்தைப் பற்றுக்கம்பிகள் தாங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பழைய வலைத்துணியால் ஊஞ்சல் போலக் கட்டி, அதன் முனைகளைச் சட்டத்தில் முடிச்சிட்டேன். ஒன்றைக் கட்ட மறந்தேன், அது பாதி வளர்ச்சியில் காம்போடு இற்று விழுந்தது. ஒரு கொடியில் இரண்டு அல்லது மூன்று காய்களுக்கு மேல் விடாமல் மற்றவற்றைப் பிஞ்சிலேயே நீக்கிவிடுவது நல்லது. கைக்கு மனம் வராது. ஆனால் ஏழு காய்களை விட்ட என் கொடி ஏழையும் சுவையற்றதாகத்தான் தந்தது.

சுவையைப் பற்றி அட்டையில் எழுதாத உண்மை ஒன்று இங்கே முக்கியம். முலாம்பழம் தன்னுள் மாவுச்சத்தைச் சேமித்து வைப்பதில்லை. எனவே வாழையைப் போலப் பறித்த பின் பழுக்க வைத்து இனிப்பாக்க வழியில்லை. மென்மையும் மணமும் கூடலாம், சர்க்கரை கூடாது. அந்தச் சர்க்கரையின் பெரும்பகுதி, பழுப்பதற்கு முந்தைய கடைசி வாரங்களில், இலைகளிலிருந்து வந்து சேர்கிறது. அந்த வாரங்களில் இலைகள் ஆரோக்கியமாக இருந்தால்தான் பழம் இனிக்கும். முதல் ஆண்டில் சரியாக அந்த நேரத்தில் இலைகளின் மேல் மாவு தூவியது போலச் சாம்பல் நோய் படிந்தது. நான் பழங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இலைகளைப் பார்க்கவில்லை. படத்தில் இருந்ததைப் போன்ற பழம் கிடைத்தது, படத்தில் சுவை தெரியாது என்பதால் குறை சொல்லவும் முடியவில்லை. இரண்டாம் ஆண்டில் கொடிகளுக்கிடையே காற்று புகும்படி இடைவெளியை அதிகரித்து, இலைகளை நனைக்காமல் வேரடியில் மட்டும் நீர் ஊற்றி, நோய் பட்ட இலைகளை உடனே அகற்றினேன். பழுக்கும் தறுவாயில் நீரைச் சற்றுக் குறைத்தேன்; அந்த நேரத்தில் மிகையான நீர் இனிப்பை நீர்க்கச் செய்வதோடு பழத்தை வெடிக்கவும் செய்கிறது. காம்பு பழத்தோடு சேரும் இடத்தில் வட்டமாக ஒரு மெல்லிய பிளவு தோன்றி, கட்டைவிரலால் லேசாக அழுத்தியதும் பழம் கையில் கழன்று வந்த நாளில், முந்தைய ஆண்டின் ஏமாற்றம் தீர்ந்தது. நான்கு கொடிகள், ஒன்பது பழங்கள்; அவற்றில் ஏழு மிக நன்றாக இருந்தன.

ஐவியின் மூன்று ஆண்டுக் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிட முடியும்; அதுவே அதன் சிறப்பும் ஆபத்தும் ஆகும். முதல் ஆண்டில் ஏறக்குறைய ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டாம் ஆண்டில் சுவரின் பாதியை மூடியது. மூன்றாம் ஆண்டில், கேட்காத இடங்களுக்கெல்லாம் சென்றது. வாய்ப்புக் கிடைத்தால் 20 மீட்டருக்கு மேலும் ஏறக்கூடிய, பல பத்தாண்டுகள் வாழும் மரத்தண்டுக் கொடி இது என்பதைக் கையடக்கத் தொட்டியில் இருக்கும்போது யாரும் நினைப்பதில்லை. நாம் வாங்கும் மடல் இலைகள் கொண்ட வடிவம் அதன் இளமைப் பருவம் மட்டுமே. நல்ல வெளிச்சத்தில் உயரே சென்று முதிர்ந்ததும், இலைகள் மடல்களை இழந்து முழு வடிவம் பெறுகின்றன. பற்றுவேர்கள் நின்றுபோய், கிளைகள் புதர்போலத் தடித்து, பசுமஞ்சள் பூக்களும் கருநிறக் காய்களும் வருகின்றன. குளிர்ப்பகுதிகளில் மற்றப் பூக்கள் ஓய்ந்த இலையுதிர் காலத்தில் மலர்வதால் தேனீக்களுக்கு அது பெரும் கொடை. ஐவிப் பூக்களையே பெரிதும் நம்பி வாழும் ஒரு தேனீ இனத்தை 1993-இல்தான் தனி இனமாக அடையாளம் கண்டு பெயரிட்டார்கள்.

அந்தக் கருநிறக் காய்களைப் பறவைகள் உண்டு விதைகளைப் பரப்புகின்றன. அதனால் வட அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் தரையை மூடியும் மரங்களின் மேல் ஏறியும் உள்ளூர்ச் செடிகளை நசுக்கும் களையாக ஐவி மாறியிருக்கிறது. ஓரிகன் மாநிலத்தில் அதன் விற்பனைக்கே தடை உள்ளது. காய்களும் இலைகளும் மனிதருக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் நஞ்சு. சாற்றில் உள்ள ஃபால்கரினால் என்ற வேதிப்பொருள் சிலருக்குத் தோல் அழற்சியை உண்டாக்குகிறது. கையுறை இல்லாமல் ஒரு மாலை முழுவதும் வெட்டிய பிறகு, என் முன்கைகளில் மூன்று நாள் இருந்த சிவந்த தடிப்பு இதற்குச் சாட்சி. குழந்தைகளும் நாய் பூனைகளும் உள்ள வீட்டுக்கு விற்கப்படும் செடியின் அட்டையில் இதற்கு ஒரு வரி ஒதுக்காதது, இந்தப் பொருளின் மீது நான் வைக்கும் மிகக் கடுமையான குறை.

அதற்குப் பதிலாக அந்த அட்டையில் பெரிய எழுத்தில் இருந்தது, "அறையின் காற்றைத் தூய்மையாக்கும்" என்ற வாசகம். இது 1989-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா வெளியிட்ட ஆய்வு ஒன்றிலிருந்து கிளம்பிய நம்பிக்கை. அங்கே ஐவி உள்ளிட்ட செடிகளை மூடிய சிறு பெட்டிகளுக்குள் வைத்துச் சோதித்தார்கள். நாம் வாழும் அறைகளில் காற்று இடையறாமல் மாறிக்கொண்டே இருக்கிறது. இத்தகைய சோதனைகளை மறு ஆய்வு செய்து 2019-இல் வெளியான கட்டுரை, அறையில் சாதாரணமாக நிகழும் காற்றோட்டத்துக்கு ஈடு கொடுக்க வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள்வரை வேண்டும் என்று கணக்கிட்டது. சன்னலைத் திறப்பது எளிது.

உழைப்பைக் கணக்கிட்டால், முலாம்பழம் மூன்று மாதங்களுக்கு ஏறக்குறைய தினமும் உங்களைத் தேடும்: நீர், உரம், கிள்ளுதல், கட்டுதல், அசுவினிக்கும் பழ ஈக்கும் காவல். பிறகு முழுவதுமாக விடுவித்துவிடும். காய்ந்த கொடியை வலையோடு சுருட்டி எடுக்க எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஐவிக்கு மேல்மண் காய்ந்த பின் நீர் ஊற்றினால் போதும். மிகையாக ஊற்றினால்தான் வேர் அழுகும். ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறையாவது கத்தரிக்கோலோடு போகாவிட்டால், நான்காம் ஆண்டில் ஏணியோடு போக நேரிடும். தள்ளிப்போட்ட உழைப்பு ஒன்றுக்குப் பலவாகத் திரும்பி வரும் செடி அது.

வெயில் நன்றாக விழும் இடமும், மூன்று மாதப் பொறுமையும், பக்கக்கிளைகளைக் கிள்ளாமல் இருக்கும் மனக்கட்டுப்பாடும் உள்ளவருக்கு முலாம்பழ விதையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். நிழலான சுவர் மட்டுமே இருப்பவருக்கும், பழுதற்ற சுவர் தனக்கே சொந்தமாக இருப்பவருக்கும் ஐவி பொருந்தும். வாடகை வீட்டில் இருப்பவர் அதைத் தொட்டியில், சிறு கம்பிச் சட்டத்தில் படர விடுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. என் ஐவியையும் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன். அளவோடு இருக்கும்போது அது உண்மையிலேயே அழகான செடி. மீதமிருந்த நான்கு முலாம்பழ விதைகளைக் காற்றுப்புகாத குப்பியில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்திருந்து இரண்டாம் ஆண்டில் ஊன்றியபோது நான்கும் முளைத்தன. முன்பு சொன்ன ஒன்பது பழங்கள் அவற்றிலிருந்து வந்தவையே. இது வீரிய ஒட்டு ரகம் என்பதால், அந்தப் பழங்களிலிருந்து எடுத்து வைத்து மூன்றாம் ஆண்டில் ஊன்றிய விதைகள் தாய்க்கொடியைப் போன்ற பழத்தைத் தரவில்லை. ஒரு கொடியில் வலையே இல்லாத நீண்ட காய்களும், மற்றொன்றில் மணமுள்ள ஆனால் கைப்பிடியளவான பழங்களும் வந்தன.